வாசல் புத்தகத்தின் அறுபத்தோராம் வரி

ஊசிமுனை அளவும் உண்மை பிசகாதவரே! கஞ்சி போட்ட துணி விறைத்தாலும் நெஞ்சு விறைக்காதவரே! கறை கண்ட இடத்தில் கடிந்து பேசாமலும், கண்ணீர் கண்ட இடத்தில் காரணம் கேளாமலும், இரண்டையும் ஒரே கையால் துடைத்தவரே! பெண்பிள்ளைகளுக்கான இந்தத் திருச்சபை விடுதிப் பள்ளியில் துணியறைப் பொறுப்பாளராக முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் கோணாமல் உழைத்து, இன்று மாலை ஐந்து மணிக்குப் பணி ஓய்வு பெறும் எங்கள் அன்பு நூலம்மா அவர்களே! வணக்கம்.

தங்களுக்கு வேறு பெயர் உண்டு. சம்பளப் பட்டியலில் அது இருக்கிறது. ஆனால் காதில் சிவப்பு நூலைச் செருகிக்கொண்டு தாங்கள் நடைவழியில் வருவதைப் பார்த்து எந்தக் காலத்துப் பிள்ளையோ வைத்த பெயர்தான் நிலைத்தது. ஆயர் வந்த அன்றுகூட அவர் தங்களை அப்படித்தான் அழைத்தார்.

பாராட்டு மடல் எழுதுவது இந்தப் பள்ளியில் தமிழாசிரியையின் தலையெழுத்து. பதினோரு ஆண்டுகளில் ஒன்பது மடல் எழுதிவிட்டேன். சுவரில் மாட்டுகிற மடல் என்றால் உண்மையோடு கொஞ்சம் சர்க்கரை கலக்கவேண்டும். அது தொழில் ரகசியம். தங்கள் விஷயத்தில் அதற்கு வேலை வைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் யார் நம்புவார்கள் என்பதுதான் கவலை. நல்ல வேளை, நம்பாதவர் யாரும் இங்கே இல்லை. பிள்ளைகள் நண்பகலுக்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த உணவுக்கூடத்தில் பெரியவர்கள் பதினேழு பேர் மட்டுமே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வாசிக்கிறேன்.

கண்ணாடிச் சட்டத்துக்குள் போகப்போகும் காகிதம் இது. நாளை யாராவது நின்று படித்தால் விளங்கவேண்டும் என்பதற்காக, தங்களுக்குத் தெரிந்ததையே தங்களிடம் சொல்கிறேன். பொறுத்தருள்க.

இந்தப் பள்ளியில் பிள்ளைகள் அறுபது பேர். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஒருத்தி படித்து முடித்துப் போனால் காத்திருப்போர் பட்டியலிலிருந்து இன்னொருத்தி வந்து அதே எண்ணை வாங்கிக்கொள்வாள். அந்த எண் அவளுடைய சீருடைக் காலரின் உட்புறத்தில் சிவப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கும். தைத்த கை தங்கள் கை. பருவ இறுதி நாளில் வாசற்காவலர் ஒவ்வொரு பிள்ளையின் காலரையும் திருப்பிப் பார்த்து, வாசல் புத்தகத்தில் அந்த எண்ணின் வரியைக் காட்டுவார். அழைத்துப் போக வந்தவர் பெயரும் உறவும் எழுதிக் கையொப்பமிட்ட பிறகுதான் கதவு திறக்கும். பெற்ற தகப்பனே ஆனாலும் கையொப்பம் இல்லாமல் பிள்ளை இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. திங்கள்தோறும் துணியறையிலிருந்து ஒரு சீட்டு கிளம்பும். வெளுத்து வந்த சீருடைகள் இத்தனை என்று அதில் தாங்கள் எழுதியிருப்பீர்கள். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் சமையலறையில் தட்டு வைப்பார்கள், படுக்கைக்கூடத்தில் கட்டில் போடுவார்கள், ஆலயத்தில் முழங்காலுக்கு மெத்தை வைப்பார்கள், வகுப்பில் குறிப்பேடு கொடுப்பார்கள். இங்கே யாரும் தலையை எண்ணுவதில்லை. துணியைத்தான் எண்ணுகிறோம். துணி பொய் சொல்லாது என்பது பழைய தலைமையாசிரியை காலத்து வேதவாக்கு.

தாங்கள் எழுதிய சீட்டில் முப்பத்து நான்கு ஆண்டுகளாக இருந்த எண் அறுபத்தொன்று.

தங்கள் குணநலன்களை அடுக்கவேண்டிய இடம் இது. மையின் மணத்தை வைத்தே எந்த வகுப்புக் கறை என்று சொல்லும் மூக்கு! மழைக்காலத்தில் அறுபது ஜோடி காலுறையும் அடுப்படிக் கொடியில் உலர்த்தி, அடுப்பைக் காத்த சமையற்காரரின் வசவையும் சேர்த்து உலர்த்திய பொறுமை! முதன்முதலாக வீட்டை விட்டு வந்து படுக்கை நனைத்த சிறுமியின் விரிப்பை, மற்ற பிள்ளைகள் விழிக்கும் முன்னே மாற்றி, அவள் மானத்தை இத்தனை ஆண்டுகளாக ஒருவரிடமும் அவிழ்க்காத வாய்! இவற்றுக்கெல்லாம் மேலே, ஒரு பருவ விடுமுறைக்குக்கூடத் தாங்கள் வெளியே போனதில்லை. அக்காவின் வீடு அரைநாள் பயணத்தில் இருந்தும், "எப்ப வரே?" என்று அவர் மாதம் ஒரு கடிதம் போட்டும், தாங்கள் போகவில்லை. "கருமமே கண்ணாயினார்" என்று ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதினோம். எழுதியவளும் நான்தான். ஏன் போகவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சென்ற மாதம் தாங்கள் முதல்வர் அறைக்குப் போனீர்கள். "இன்னும் ஒரு வருஷம் குடுங்கம்மா. சம்பளம்கூட வேண்டாம், துணியறை மூலையில படுத்துக்கறேன்" என்று கேட்டீர்களாம். விதி இடம் தராது என்று முதல்வர் சொல்லிவிட்டார். வெளியே வந்த தங்கள் முகத்தை நான் நடைவழியில் பார்த்தேன். ஓய்வு பெறும் வருத்தம் என்று நினைத்தேன். அது வருத்தமில்லை, பயம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் இத்தனை நாள் பிள்ளைகளுக்கு மெய்ப்பாடு நடத்தியிருக்கிறேன்.

அடுத்த வாரம், தங்கள் இடத்துக்கு வந்த புதிய பொறுப்பாளர் அலமாரியை எண்ணினார். பிள்ளைகள் அறுபது, சீருடை அறுபத்தொன்று. முதல்வரிடம் சொன்னார். நம் முதல்வர் வந்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது, கணக்குப் படித்தவர், மீதி வராத வகுத்தலில்தான் அவருக்கு நிம்மதி. எல்லாரையும் ஆசிரியர் அறைக்கு வரச்சொன்னார். நடந்ததற்கு நாம் பதினேழு பேரும் சாட்சி.

"ஒரு துணி அதிகமா இருக்கு. அதனால ஒரு தட்டு, ஒரு கட்டில், எல்லாமே அதிகமா இருக்கு. இத்தனை வருஷமா யாருமே கவனிக்கலையா?" என்றார் முதல்வர்.

முதலில் சமையற்காரர் தொண்டையைக் கனைத்தார். "கவனிக்காம என்னம்மா? அறுபத்தொண்ணு தட்டு போகுது, அறுபத்தொண்ணும் காலியா வருது. சாப்பிடாத பிள்ளைக்கா நான் இருபது வருஷமா போடுறேன்?"

ஆலயக் குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆராதனை முடிஞ்சதும் மெத்தைகளை நான்தான் தட்டி அடுக்குவேன். மூணாவது வரிசையில கடைசி மெத்தையில ரெண்டு முழங்கால் பள்ளம் இருக்கும். தொட்டா சூடா இருக்கும். ஆசீர்வாதம் சொல்றப்போ அந்தப் பக்கமும் பார்த்துத்தான் சொல்றேன். யாரும்மா நீன்னு கேட்டதில்லை. கேட்டா பதில் வந்துடுமோன்னு பயம்."

வாசற்காவலர் கதவோரம் நின்றபடியே சொன்னார். "புத்தகத்துல அறுபத்தோரு வரி கோடு போட்டு வருது. கடைசி வரி எப்பவும் காலி. எல்லாப் பிள்ளையும் போன பிறகு கதவைச் சாத்துவேன் பாருங்க, அப்ப உள்பக்கமா ஒரு ஆள் நிக்கிற மாதிரியே இருக்கும். 'இன்னும் யாரும் வரலை கண்ணு, உள்ள போ'ன்னு சொல்லிட்டுத்தான் பூட்டுவேன். சொல்லாம பூட்டினா பூட்டு விழாது."

அப்புறம் நான். ஐந்தாம் வகுப்புக் குறிப்பேடுகளின் அடியில் ஆண்டுதோறும் பெயரில்லாத ஒன்று வரும். அட்டையில் 61 என்று மட்டும் இருக்கும். வட்ட வட்டமான கையெழுத்து. பத்து வயதுப் பிள்ளையின் கையெழுத்து. பதினோரு ஆண்டுகளில் அந்தக் கையெழுத்துக்கு ஒரு நாள்கூட வயதாகவில்லை. நான் திருத்தினேன், மதிப்பெண் போட்டேன், "நன்று" என்று எழுதினேன், அடுக்கில் திருப்பி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். நாங்களோ ஆளுக்கொரு தட்டில் மறைத்திருந்தோம். அடுத்தவருக்குத் தெரியும், அவரே பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்தோம். பார்த்துக்கொண்டவர் தாங்கள் ஒருவரே.

அன்று கடைசியாகத் தாங்கள் எழுந்து பேசினீர்கள். தாங்கள் சொன்னதை என் நடையில் சுருக்கி எழுதுகிறேன்.

இருபத்து நான்கு வயதில் வேலைக்கு வந்த முதல் வாரம். அறுபது புதுச் சீருடைக்கு எண் தைக்க இரண்டே நாள் கொடுத்தார் பழைய தலைமையாசிரியை. "ஒரு தப்பு நடந்தா அன்னைக்கே பெட்டியக் கட்டிக்கலாம்" என்பது அவர் தந்த வரவேற்பு. தையற்காரர் துணி மிச்சத்தில் ஒன்றைக் கூடுதலாக வெட்டியிருந்தார். தாங்கள் எண்ணாமல், கை போன போக்கில் அதற்கும் தைத்துவிட்டீர்கள். சனிக்கிழமை அடுக்கும்போதுதான் தெரிந்தது. பிரித்தால் காலரில் ஊசித்துளை தெரியும், கேள்வி வரும். பயந்துபோய் அதை மடித்து அடித்தட்டில் ஒளித்து வைத்தீர்கள். ஊரில் அக்காவின் கல்யாணக் கடன் இருந்தது. தங்களுக்குக் கட்டிக்கொண்டு போகப் பெட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தச் சீருடை அழுக்குக் கூடையில் கிடந்தது. வலது கைவிளிம்பில் மைக்கறை.

யாரோ குறும்பு செய்கிறாள் என்று துவைத்து மடித்து வைத்தீர்கள். அதற்கடுத்த வாரம் முழங்கால் பக்கம் புல் கறை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் காலரைத் திருப்பிப் பார்த்தீர்கள். அறுபது பேரும் அவரவர் எண்ணில் இருந்தார்கள். கூடைக்குத் திரும்பினால் அறுபத்தொன்று மேலாகக் கிடந்தது. "இப்பத்தான் கழட்டிப் போட்ட மாதிரி, உடம்புச் சூட்டோட இருந்திச்சு" என்றீர்கள். "அப்பவே போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லலை. திங்கக்கிழமை சீட்டுல அறுபத்தொண்ணுன்னு எழுதினேன். துணி அத்தனை இருந்துச்சே, குறைச்சு எழுதினா பொய்தானே? நான் தைச்சதால வந்த பிள்ளை. தட்டு இல்லாம நிக்க வைக்க முடியுமா?"

ஊசிமுனை அளவும் உண்மை பிசகாதவரே என்று முதல் வரியில் எழுதினேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். தாங்கள் சறுக்கியது ஒரு முறை. அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு சீட்டும் உண்மை. ஆகவே அந்த வரியை அடிக்கவில்லை.

இந்த இடத்தில், தாங்கள் மருத்துவமனையில் இருந்த மூன்று நாட்களைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பருவ இறுதி வாரம். குடல்வால் வெடிக்கும் நிலையில் தங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் காலை, வீட்டுக்குப் போகப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வாசற்காவலர் முதல் பிள்ளையின் காலரைத் திருப்பினார். எண் இல்லை. அடுத்த பிள்ளைக்கும் இல்லை. அறுபது காலரிலும் நூல் பிரிக்கப்பட்டிருந்தது. துணியில் ஒரு கீறல் கிடையாது. துணியறை மேசையில் சிவப்பு நூல் துண்டுகள் ஒரு சின்னக் குவியலாக, கூட்டிப் பெருக்கி வைத்ததுபோல இருந்தன.

நூல் போனால் போகட்டும், நம்பரை வாயால் கேட்டு அனுப்பலாம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். "உன் நம்பர் என்ன?" என்று பெரிய வகுப்புப் பிள்ளையைக் கேட்டார் வாசற்காவலர். ஆறு ஆண்டுகள் சுமந்த எண், "தெரியலை" என்றாள். அறுபது பேருக்கும் தெரியவில்லை. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். முதல் வகுப்புச் சிறுமி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் புடைவையைப் பிடித்து, "டீச்சர், இவங்க யாரு?" என்று கேட்டாள். காலை பத்து மணி. நல்ல வெளிச்சம். அந்தக் காலையை நான் மறக்கவில்லை, மறக்கவும் முடியாது.

செய்தி கேட்டுத் தாங்கள் மருத்துவமனை அங்கியோடு வந்து இறங்கினீர்கள். வயிற்றில் ஏழு தையல். நாற்காலியில் சாய்ந்தபடியே மாலைக்குள் அறுபது காலர் தைத்தீர்கள். நூலைப் பல்லால் கடித்து ஒவ்வொன்றாகத் தாங்கள் கீழே வைக்க வைக்க, ஒவ்வொரு பிள்ளையாக முகம் தெளிந்து, "அம்மா!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடியது. யாரோ பொறாமை பிடித்தவர் செய்த வேலை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். பெரியவர்களுக்கு எதையாவது சொல்லிக்கொள்ளத் தெரியும்.

செய்தது யார் என்று எனக்கு மட்டும் அடுத்த பருவத்திலேயே தெரியும். பள்ளி திறந்ததும் "விடுமுறையில் நான்" என்று கட்டுரை எழுதச் சொல்வது என் வழக்கம். மற்ற பிள்ளைகள் கடலையும் மாமா வீட்டையும் எழுதுவார்கள். அறுபத்தொன்றின் குறிப்பேட்டில் எப்போதும் இந்தப் பள்ளிதான் இருக்கும். ஆளில்லாத நடைவழியில் வெயில் எந்தத் தூணிலிருந்து எந்தத் தூணுக்குப் போனது. மதியம் நூலம்மா மாடியேறி வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அக்காவின் கடிதத்தை உரக்க வாசித்தார். அக்கா வீட்டில் இரண்டு அறை, பின்பக்கம் ஒரு கிணறு. இப்படித்தான் எழுதுவாள். அந்த ஆண்டு மட்டும் கூடுதலாக நான்கு வரி இருந்தது.

"நூலம்மா மூன்று நாள் வரவில்லை. எனக்கு யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தது. அதனால் எல்லாருடைய எண்ணையும் எடுத்துவிட்டேன். எண் இல்லாவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது, எல்லாரும் என்னோடு இருப்பார்கள்."

நான் என்ன செய்தேன் தெரியுமா, நூலம்மா? ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினேன். பத்துக்கு எட்டு போட்டேன். குறிப்பேட்டை மூடினேன். வெட்கமாக இருக்கிறது.

ஆசிரியர் அறையில் இதையெல்லாம் கேட்ட பிறகும் முதல்வர் அசையவில்லை. "கட்டிலை எடுத்துட்டு, துணியை ஏழைகளுக்குக் குடுத்துடலாம். அடுத்த பருவத்திலேர்ந்து சீட்டுல அறுபதுன்னு எழுதினா எல்லாம் சரியாயிடும்" என்றார். தாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "அவ எங்க போவாம்மா?"

நேற்றுப் பிற்பகல் அவரே மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சன்னலோரம் அறுபத்தோராம் கட்டில். விரிப்பு சுருக்கமில்லாமல் போடப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு டிரங்குப் பெட்டி, வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் கட்டுவதுபோலவே கட்டப்பட்டு, மூடி திறந்து இருந்தது. சீப்பு, பாலிஷ் போட்ட காலணி, மடித்த சீருடை, பதினோரு குறிப்பேடு. பெட்டியில் கட்டியிருந்த சீட்டில் எண் இருந்தது. முகவரி இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

முதல்வர் தலையணையில் கை வைத்தார். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். கீழே வந்து அவர் சொன்னது இதுதான்: "கட்டில் இருக்கட்டும். வாசல் புத்தகத்தைக் கொண்டாங்க."

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. பள்ளி ஊழியர் எவரும் எந்தப் பிள்ளையையும் அழைத்துப் போகக் கையொப்பமிடக் கூடாது. முப்பத்து நான்கு ஆண்டுகளாகத் தங்கள் கையைக் கட்டிப்போட்ட விதி அது. கையொப்பமிட முடியாது, விட்டுப் போகவும் முடியாது, ஆகவே இருந்தீர்கள். கணக்குப் படித்தவர் நேற்று அந்த விதியை இரண்டு முறை படித்துவிட்டு, தங்கள் ஓய்வு ஆணையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவங்க ஊழியர் இல்லையே" என்றார். இந்தப் பள்ளியில் இவ்வளவு அழகாக ஒரு கணக்குத் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

இதோ, பூங்கொத்துக்குப் பக்கத்தில் வாசல் புத்தகம் திறந்திருக்கிறது. அறுபது வரி நிரம்பிவிட்டது. பேனாவும் இருக்கிறது. தங்களை வற்புறுத்த எங்களுக்கு ஒரு தகுதியும் இல்லை. முப்பத்து நான்கு ஆண்டு விடுமுறைகளையும் தனியாகச் சுமந்தவரிடம், இன்னமும் சுமங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அக்கா வீட்டில் இரண்டே அறை. தங்களுக்கும் கால் வீங்குகிறது. கையொப்பமிட வேண்டாம் என்று தங்களுக்குத் தோன்றினால், இந்த விடுமுறைக்கு நான் இங்கே இருக்கிறேன். தைரியத்தோடு இல்லை; பயந்துகொண்டுதான். மதியம் மாடியேறிப் போய் எதையாவது வாசிப்பேன். ஆனால் நான் தைத்தவள் இல்லை, திருத்தியவள். என்னை அவள் ஏற்றுக்கொள்வாளா என்று தெரியாது. ஏற்காவிட்டால் அடுத்த பருவ இறுதியில் வாசலில் எத்தனை பிள்ளைகள் தாயை மறந்து நிற்பார்களோ. இதை மறைத்துப் பேசத் தங்களுக்கு முன்னால் எனக்கு மனம் வரவில்லை.

கையொப்பமிட்டால், "உறவு" என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்று நாங்கள் எட்டிப் பார்க்க மாட்டோம்.

ஊரைக் கூட்டி வாழ்த்தினாலும் தீராத நன்றிக்கு உரியவரே! தங்கள் கண்ணில் ஊசிக்காது மங்காதிருக்கட்டும்! தங்கள் கால்வீக்கம் வடியட்டும், கவலை அதற்கு முன்னே வடியட்டும்! இனிமேல் சனிக்கிழமைகள் தங்களுக்கு வெறும் சனிக்கிழமைகளாக விடியட்டும்! அக்காவின் கிணற்றடியில் தாங்கள் உலர்த்தும் துணி, தங்கள் வீட்டுத் துணியாகவே இருக்கட்டும்! நெடுங்காலம் நலமாக இருங்கள், நூலம்மா.

இப்படிக்கு,
ஒரு தட்டைக் கூடுதலாக வைத்தவரும், ஒரு மெத்தையைக் கூடுதலாகத் தட்டியவரும், ஒரு பூட்டைக் காத்திருந்து பூட்டியவரும், ஒரு குறிப்பேட்டைக் கூடுதலாகத் திருத்தியவளும், ஏனைய ஆசிரியர் ஊழியர் அனைவரும்.

சட்டம் போடக் கொடுக்கும் முன் சேர்த்தது:

மடல் அக்கா வீட்டு முகவரிக்கு அனுப்பப்படும். அன்று நடந்ததும் அதில் இருக்கட்டும் என்று முதல்வர் சொன்னார்.

ஐந்து மணி அடிக்கும்வரை தாங்கள் எழுந்திருக்கவில்லை. அடித்ததும் எழுந்து, பூங்கொத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் புத்தகத்தின் முன் நின்றீர்கள். பெயர் எழுதிக் கையொப்பமிட்டீர்கள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. தலையைத் திருப்பி, பக்கத்தில், ஒரு பத்து வயதுப் பிள்ளை நிற்கும் உயரத்தைப் பார்த்து, "என்னன்னு எழுதட்டும்?" என்று கேட்டீர்கள். தாங்கள் சிரித்தீர்கள். பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். எல்லாரும் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேசையை யாரும் பார்க்கவில்லை. பேனா உருண்டு தரையில் விழுந்த ஓசை மட்டும் கேட்டது.

வாசற்காவலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். கதவைத் திறந்தார். தாங்கள் வலது கையைச் சற்றே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே போனீர்கள். வண்டிக்காரர் இறங்கி வந்து, கேட்காமலேயே இரண்டு கதவையும் திறந்துவிட்டார். கதவைச் சாத்தும்போது வாசற்காவலர் வழக்கமான அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பூட்டு தானாக விழுந்தது.

எட்டிப் பார்க்க மாட்டோம் என்று மேலே எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பார்க்கவில்லை. எல்லாரும் போன பிறகு நான் பார்த்தேன். என் புத்தி அப்படி. அறுபத்தோராம் வரியில் பெயரும் கையொப்பமும் தங்களுடையவை. உறவு என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல், வட்ட வட்டமான கையெழுத்தில், பதினோரு ஆண்டுகளாக நான் திருத்திவந்த கையெழுத்தில் இருந்தது.

அம்மா.

சிவப்புப் பேனா என் கையில் இருந்தது. பிழை ஒன்றும் இல்லை.